பனியில் குருத்து தோண்டும் பெண்

பள்ளிக்கூட நோட்டு அளவுதான் அந்தப் படம். உயரம் 28 செ.மீ. இருக்கலாம், அகலம் 20. எங்கும் பனி. மூங்கில்களுக்கு நடுவே ஓர் இளம்பெண், கையில் மண்வெட்டி. காலடியில் பனியைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் மூங்கில் குருத்து. 1765 வாக்கில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், சுசுகி ஹருனோபு வரைந்து மரக்கட்டையில் அச்சானது.

கதை தெரியாமல் பார்த்தால் ஒரு கேள்விதான் எழும். இவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு, இந்தக் குளிரில், இவள் எதற்காக மண்ணைக் கொத்துகிறாள்? கதை தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் இவள் இல்லை. நிற்க வேண்டியவர் சீனாவைச் சேர்ந்த ஓர் ஆண். அவர் செத்து அப்போதே ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பெயர் மெங் ஸோங். ஜப்பானியர் வாயில் அது மோசோ. சீனா மூன்றாகப் பிரிந்திருந்த 'மூன்று அரசுகள்' காலத்தில் வூ அரசில் பெரிய பதவி வரை உயர்ந்தவர், 271இல் இறந்தவர். வரலாற்றில் நிஜமாகவே இருந்த ஆள். கதை என்னவோ சின்னது. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். கிழத்தாய் நோயில் படுத்துவிட்டாள். நடுக்குளிர்காலத்தில் அவளுக்கு மூங்கில் குருத்துச் சாறு வேண்டுமாம். அது வசந்தத்தில் கிடைக்கிற பொருள். எங்கே போவது? மகன் காட்டுக்குப் போய் மூங்கிலைக் கட்டிக்கொண்டு அழுகிறார். தரை பிளக்கிறது, குருத்துகள் முளைக்கின்றன. கொண்டுவந்து சமைத்துக் கொடுக்க, அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சீனப் பழங்கதையில் அவர் செய்வதெல்லாம் அழுகைதான். ஜப்பானியப் படங்களில் பார்த்தால் கையில் மண்வெட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓவியனுக்கு அது தேவைப்பட்டிருக்க வேண்டும். நோட்டு அளவுத் தாளில் கண்ணீரை எங்கே காட்டுவது? கையில் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டால் ஆள் யார், என்ன செய்கிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

தாவரவியலும் மண்வெட்டியின் பக்கம்தான். இந்தக் கதையால் பெயர் பெற்ற பெரிய மூங்கில் வகையை ஜப்பானில் 'மோசோச்சிக்கு' என்கிறார்கள். மோசோவின் மூங்கில் என்று பொருள். வசந்தத்தில் அதன் குருத்து வளரும் வேகம் பேர்போனது, ஒரே நாளில் ஒரு மீட்டரைத் தாண்டியதும் உண்டு. ஆனால் அந்தக் குருத்து வசந்தத்தில் திடீரென்று பிறப்பதில்லை. குளிர்காலத்திலேயே மண்ணுக்குள், வேர்த்தண்டின் கணுக்களில் சின்னதாகத் திரண்டு காத்திருக்கும். அதைத் தோண்டி எடுத்துச் சமைக்கலாம். சீனச் சந்தைகளில் 'குளிர்காலக் குருத்து' என்று தனியாக விற்கிறது, வசந்தக் குருத்தைவிட விலையும் கூட. ஆக, நோயாளித் தாய் கேட்டது நடக்கவே முடியாத காரியம் இல்லை. எங்கே தோண்டுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

சரி, பெண்ணிடம் திரும்புவோம். ஹருனோபு செய்ததற்கு ஜப்பானிய மொழியில் 'மிதாதே' என்று பெயர். ஒன்றை இன்னொன்றாகப் பாவித்துக் காட்டுவது. நாம் சொல்லில் செய்கிற சிலேடையை அவர்கள் படத்தில் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய சீனப் பெரியவர் இருந்த இடத்தில் அன்றைய எடோப் பெண்ணை, அன்றைய உடையில் நிறுத்திவிடுவது. பார்க்கிறவர் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் கேலி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மரியாதை என்று சொன்னாலும் பொருந்தாது. படித்தவர்களுக்கு நடுவில் நடக்கிற ஒரு கண்சிமிட்டல், அவ்வளவுதான்.

அந்தக் கண்சிமிட்டலுக்கு 1765 சரியான வருடம். அன்றைய ஜப்பானிய நாள்காட்டியில் 30 நாள் மாதமும் 29 நாள் மாதமும் கலந்து வரும்; எது பெரியது, எது சிறியது என்ற வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாள்காட்டி அச்சிட உரிமம் வேண்டும். அதனால் வசதியுள்ள ரசிகர்கள் மாத எண்களைப் பெண்ணின் உடைப் பூவேலையிலோ வேறெங்காவதோ ஒளித்துவைத்துப் படங்கள் அச்சிட்டு, புத்தாண்டுக்கு நண்பர்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். யாருடையது அருமை என்று போட்டியே நடந்தது. இதற்காகப் பணத்தைக் கொட்டியவர்களில் கியோசென் என்ற புனைபெயர் கொண்ட ஒரு சாமுராய் முக்கியமானவர். அவர்களுக்கு வரைந்து கொடுத்தவர் ஹருனோபு. காசைப் பற்றிக் கவலையில்லாததால் ஒரே படத்துக்கு ஏழெட்டு நிறக் கட்டைகள் செதுக்க முடிந்தது. அதுவரை இரண்டு மூன்று நிறத்தோடு நின்றிருந்த அச்சு, அந்த ஓராண்டில் முழு வண்ணத்துக்குத் தாவியது. பட்டுச் சரிகை போல் இருக்கிறது என்று 'நிஷிகி-எ' எனப் பெயர் வைத்தார்கள். அப்புறம் ஐந்து ஆண்டுதான், 1770இல் ஹருனோபு இறந்துபோனார்.

அந்தப் பனி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரக்கட்டை அச்சில் பனிக்கென்று மை கிடையாது. பனி என்பது தாள்தான்; மை படாமல் விட்ட இடம். வானத்துக்கும் உடைக்கும் மண்ணுக்கும் நிறம் ஏற்றி, நடுவில் வெறுமையாக விட்டுவிட்டால் கண் அதைப் பனி என்று எடுத்துக்கொள்ளும். மெத்தென்று குவிந்த தோற்றம் வேண்டுமென்றால், மையே பூசாத கட்டையைத் தாளில் அழுத்தி மேடு பள்ளம் உண்டாக்குவார்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அந்தக் கோடு தெரியும். விழுந்துகொண்டிருக்கும் பனி என்றால், சிப்பியைப் பொடித்துச் செய்த வெள்ளையைச் சில பதிப்புகளில் தெளிப்பதுண்டு.

தாள் கோசோ என்ற செடியின் பட்டையில் செய்தது. நார் நீளமானது, ஈரத்தோடு பத்துப் பன்னிரண்டு தடவை கட்டைமேல் வைத்துத் தேய்த்தாலும் கிழியாது. கட்டை மலைச்செர்ரி மரம். ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் தாளின் மூலையும் விளிம்பும் போய் உட்கார இரண்டு சின்ன வெட்டுக் குறிகள் உண்டு. நிறம் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவது அந்தக் குறிகளால்தான். வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர், அச்சிடுபவர் மூன்றாமவர். பணம் போடும் பதிப்பாளர் இந்த மூவருக்கும் மேலே. நாம் 'ஹருனோபுவின் படம்' என்கிறோம்; அவர் தொட்டது முதல் வரைபடத்தைத்தான், அதையும் கட்டையில் ஒட்டிச் செதுக்கும்போதே அழித்துவிடுவார்கள்.

அச்சிடுபவர் கையில் உள்ள கருவி 'பாரென்'. உள்ளங்கைக்கு அடங்கும் வட்டத் தட்டு, தாளின் முதுகைத் தேய்க்க. அதன் உள்ளே சுருட்டி வைத்திருக்கும் கயிறும் சரி, மேலே இறுக்கிச் சுற்றியிருக்கும் உறையும் சரி, மூங்கில் பாளையால் ஆனவை. பாளை என்றால், குருத்து வளர வளரக் கழற்றிப் போடும் அந்த உறைதான். மோசோவின் குருத்தைத் தாளில் பதித்ததும் ஒரு குருத்தின் சட்டைதான்.

ஒரு படம் இப்படிக் கண்சிமிட்ட வேண்டுமானால் கதை எல்லார் தலைக்குள்ளும் இருந்திருக்க வேண்டும். இருந்தது. யுவான் ஆட்சிக் காலத்தில் சீனாவில் குவோ ஜூஜிங் என்பவர், பெற்றோருக்காகப் பாடுபட்ட 24 பேரின் கதைகளைத் தொகுத்தார் என்பது வழக்கு. அந்தத் தொகுப்பு ஜப்பானுக்குப் போய் 'நிஜூஷிகோ' ஆனது. கோயில் மரச்சிற்பத்திலும் கோட்டைக் கதவோவியத்திலும் அந்த 24 பேர் ஏறிக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகளுக்குப் படம் போட்ட புத்தகமாகவும் வந்தது.

அரசாங்கமும் இதை விடவில்லை. நாட்டை ஆண்ட படைத்தலைவருக்கு ஷோகன் என்று பெயர்; அந்த வரிசையில் ஐந்தாவதான சுனயோஷி 1682இல் ஊர் ஊராகப் பலகை நட்டு, அரசனுக்கு விசுவாசமும் பெற்றோருக்குப் பக்தியும் காட்டுங்கள் என்று எழுதிவைத்தார். மறு ஆண்டு சாமுராய்களுக்கான சட்டத்தின் முதல் வரியிலேயே அந்த இரண்டு சொற்களும் ஏறின. 1801இல் நாடு முழுக்கப் பெற்றோரைப் பேணிய, நல்லொழுக்கம் காட்டிய சாதாரண மக்களின் பெயர்களைத் திரட்டி 50 தொகுதிகளாக அரசே அச்சிட்டது. 8,500 பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். பெற்றோர் பக்தி வீட்டு விஷயமாக மட்டும் இல்லை, வெகுமதி கிடைக்கிற விஷயமாகவும் இருந்தது.

இந்த உபதேச மழையில் எல்லாரும் பயபக்தியோடு நனைந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சுனயோஷி பலகை நட்ட நான்காவது ஆண்டில், 1686இல், ஒசாகா எழுத்தாளர் இஹாரா சைகாக்கு பெற்றோரை வதைத்த இருபது பிள்ளைகளின் கதைகளை நூலாக வெளியிட்டார். அதன் முன்னுரையில் மோசோவையும் ஒரு தட்டு தட்டுகிறார்: பனியில் குருத்து தேடி அலைவானேன், காய்கறிக் கடையில் கிடைக்கிறதே என்ற தொனியில். 1766 தொடக்கத்தில் ஒசாகாவின் தாக்கெமோத்தோ பொம்மலாட்ட அரங்கில் ஏறிய 'ஹொன்ச்சோ நிஜூஷிகோ' நாடகத்திலும், தாய்க்காக மகன் பனியில் குருத்து தோண்டும் காட்சி உண்டு. ஹருனோபுவின் பெண் மண்வெட்டியோடு நின்ற காலமும் ஏறக்குறைய அதேதான்.

அப்படியே எண்பது ஆண்டு தள்ளி வருவோம். 1840களின் தொடக்கத்தில் எடோவில் சிக்கனச் சீர்திருத்தம் நடந்தது. முந்தைய பத்தாண்டின் பஞ்சத்தில் அடிபட்டிருந்த நாடு, காலியான கஜானா. மூத்த அமைச்சர் மிசுனோ தடகுனிக்குப் பட்டது, மக்கள் ஆடம்பரத்தில் கெட்டுப்போகிறார்கள் என்று. படங்களையும் விட்டுவைக்கவில்லை. 1842இல் வந்த ஆணைப்படி, கபுகி நடிகர் படம் கூடாது, விலைமாதர் படம் கூடாது, கெய்ஷா படம் கூடாது. கடையில் அதிகம் விற்றதே இந்த மூன்றும்தான். நிறக் கட்டை ஏழெட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரு தாளின் விலை 16 மோன், அதாவது 16 செப்புக்காசைத் தாண்டக் கூடாது. தெருவில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விற்ற விலை அது. அப்புறம் எதைத்தான் வரைவது? அதற்கும் ஆணையிலேயே பதில் இருந்தது. விசுவாசம், பெற்றோர் பக்தி போன்றவற்றை வைத்து, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புத்தி சொல்கிற மாதிரி வரையுங்கள்.

அன்றைய அச்சுப்பட ஓவியர் உடாகவா குனியோஷிக்கு இது பெரிய இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று தோன்றும். சாயப்பட்டறைக்காரர் மகன், போர்வீரர்களும் பேய்களும் பூனைகளும் வரைந்தே பேர் வாங்கியவர். ஆனால் 24 பேரை அவர் அரசு சொல்லித் தொடவில்லை. ஆணைக்கு முன்பே, 1840 வாக்கில், 'பிள்ளைகளுக்கான கண்ணாடி' என்ற தலைப்போடு ஒரு வரிசை வெளியிட்டிருந்தார். 1848ஐ ஒட்டி இன்னொரு வரிசையும் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தால் உபதேசம் அவருக்கு இரண்டாம்பட்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அங்கே வேறொன்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

மோசோவின் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பனி, மூங்கில், மண்வெட்டி எல்லாம் இருக்கின்றன. மோசோ வைக்கோலால் பின்னிய மழையங்கி போட்டிருக்கிறார். நம் ஊரில் மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வது நினைவுக்கு வரும். ஆனால் இந்த வரிசை முழுக்க முகத்திலும் துணி மடிப்பிலும் மேகத்திலும் நிழல் விழுகிறது. ஜப்பானியப் படத்தில் நிழல் கிடையாது. கோடும், கோட்டுக்குள் தட்டையான நிறமும்தான். குனியோஷி வரைந்த சீனப் பெரியவர்களின் தலைக்கு மேலே திரள்வது ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சில் பார்க்கிற மேகம்.

அவர் மேல்நாட்டுப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். நாடு பூட்டிக்கிடந்த காலத்திலும் நாகசாகித் துறைமுகத்தில் டச்சு வணிகர் வழியாகப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. குனியோஷியின் சில படங்களுக்குப் பின்னால் யோஹான் நியூஹோஃப் என்ற டச்சுப் பயணியின் 1682ஆம் ஆண்டு நூலின் படங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். 47 ரோனின்கள், அதாவது தலைவனை இழந்த சாமுராய்கள், இரவில் மாளிகையைச் சூழும் அவரது புகழ்பெற்ற காட்சியில் தெரியும் கட்டடம், அந்த நூலில் உள்ள பதாவியா (இன்றைய ஜகார்த்தா) நகரக் கட்டடம். இன்னொரு விஷயம், தூத்துக்குடியும் முத்துக்குளிப்பும் இடம்பெறும் நூல் அது. டச்சுக் கம்பெனி வேலையாக நியூஹோஃப் அந்தக் கடற்கரையில் இருந்தவர். தூத்துக்குடியும் பதாவியாவும் ஒரே அட்டைக்குள் அடங்கி ஒரு எடோ ஓவியனின் கண்ணுக்கு எட்டிய பாதையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

24 பேர் இதற்கெல்லாம் வசதியாக இருந்தார்கள். அவர்கள் வெளிநாட்டார், பழங்காலத்தார். எப்படி வரைந்தாலும் எங்கள் ஊரில் இப்படி இல்லையே என்று யாரும் கேட்க முடியாது. தணிக்கையாளரும் தலைப்பைப் பார்த்தால் முத்திரை குத்திவிடுவார். குனியோஷி அந்த இடைவெளியில் புகுந்து, ஷுன் என்ற நல்ல மகனுக்கு உழுது கொடுக்க வரும் யானையை நிழல் போட்டு வரைந்தார்.

24 கதைகளில் மோசோ கதை சாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மற்றவை அப்படி இல்லை. ஒருவன் தாய்க்கு மீன் வேண்டுமென்று உறைந்த ஆற்றின்மேல் வெற்றுடம்போடு படுத்துப் பனியை உருக்குகிறான். சிறுவன் ஒருவன், பெற்றோரைக் கொசு கடிக்கக் கூடாதென்று தன் உடம்பைக் கொடுக்கிறான். எல்லாவற்றையும்விடக் கொடுமையானது குவோ ஜூ கதை, ஜப்பானில் கக்கியோ. வறுமையில், கிழத்தாயின் சோற்றில் பங்கு கேட்கிறதென்று தன் குழந்தையையே புதைக்கக் குழி தோண்டுகிறான். குழியில் தங்கம் கிடைக்க, குழந்தை பிழைக்கிறது. அங்கேயும் மண்வெட்டிதான். படத்தில் பக்கத்தில் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். கதையைச் சொன்னவர்கள் தங்கத்தைத்தான் பார்த்தார்கள் போலிருக்கிறது. எனக்கு அவள் முகத்தைத் தாண்டிப் பார்வை போவதில்லை.

ஜப்பான் நவீனமாக மாறத் தொடங்கிய மெய்ஜி காலத்தில் சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி இதைப் பிடித்துக்கொண்டார். 1874இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் பனிக்கட்டி, கொசு, குழி மூன்றையும் வரிசையாக எடுத்து விளாசுகிறார். பனியில் படுப்பது மனிதனால் ஆகாத காரியம். அவர் சொல்லும் கதையில் மகன் கொசுவை இழுக்கத் தன்மேல் சாராயத்தை ஊற்றிக்கொள்கிறான். அந்தச் சாராயக் காசில் ஒரு காகிதக் கொசுவலை வாங்கியிருந்தால் புத்திசாலித்தனம் இல்லையா என்று கேட்கிறார். குழந்தையைப் புதைக்கத் துணிந்தவனைப் பேய், பாம்பு என்றே எழுதுகிறார். சீனாவில் எழுத்தாளர் லூ ஷுன் 1926இல் தன் பிள்ளைப் பருவத்தை நினைத்து எழுதும்போது, இந்தக் கதையைப் படித்துவிட்டுத் தன் அப்பாவுக்கும் நல்ல மகனாகும் ஆசை வந்துவிட்டால் குழிக்குள் போவது தானல்லவா என்று பயந்ததைச் சொல்கிறார். வீட்டில் பாட்டி இருந்தாள், வீட்டு நிலைமையும் இறங்கிக்கொண்டிருந்தது. பயப்படாமல் என்ன செய்வான் பையன்?

மோசோ இந்த அடிகளிலிருந்து தப்பித்துக்கொண்டார். யாருக்கும் அவரால் கெடுதல் இல்லை. கியோட்டோவின் கியோன் திருவிழாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 17 அன்று தெருவில் போகும் தேர்களில் ஒன்று 'மோசோயாமா'. ஊர்க்காரர்கள் செல்லமாகக் 'குருத்துத் தேர்' என்பார்கள். கக்கியோவுக்கும் தனித் தேர் உண்டு. கியோட்டோ ஜூலை எப்படி இருக்கும் என்று போனவர்களைக் கேளுங்கள். மலைகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற ஊர், காற்று அசையாது, வியர்வை வழியும். அந்தப் புழுக்கத்தில், இழுப்பவர்களும் பார்ப்பவர்களும் விசிறிக்கொண்டிருக்க, தேரின்மேல் மோசோ பொம்மை தோளில் மண்வெட்டியும் கையில் பனி மூடிய குருத்துமாக நிற்கிறது. தேரின் பின்புறம் தொங்கும் திரையில் ஓவியர் தாக்கெஉச்சி செய்ஹோ வெள்ளைத் துணியில் வரைந்த மூங்கில் காடு, வெறும் கறுப்பு மசியில். சுற்றிலும் வண்ணத் திரைத் தேர்கள் போக, இது ஒன்று மட்டும் குளிர்ந்துபோய் நகரும்.

அதே கியோட்டோவின் மேற்கு ஓரத்தில், நகாவோகாக்கியோ பக்கம், மோசோ மூங்கில் தோப்புகள் இருக்கின்றன. இந்த மூங்கில் ஜப்பானுக்கு வந்ததே பிந்தித்தான். ககோஷிமாவில், ஷிமாசு பிரபுக்களின் தோட்டத்தில் உள்ள கல்வெட்டு ரியூக்கியூ தீவுகளிலிருந்து (இன்றைய ஒகினாவா) 1736இல் வந்ததாகச் சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பினால் ஹருனோபு வரைந்தபோது அது நாட்டுக்குள் நுழைந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. தோப்புக்காரர்கள் குளிர்காலத்தில் தரையில் வைக்கோலைப் பரப்பி, மேலே மண் கொட்டி மெத்தை போடுகிறார்கள். வசந்தத்தில் விடிகாலையில் குனிந்து தரையைப் பார்த்தபடி நடக்கிறார்கள். குருத்து வெளியே தலை நீட்டிவிட்டால் கசப்பேறிவிடும், வெயில் படுவதற்குள் எடுக்க வேண்டும். மண்ணில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிகிற இடத்தில் நிற்கிறார்கள். கையில் 'ஹோரி' என்ற, ஓர் ஆள் இடுப்பளவுக்கு மேல் வரும் ஒல்லியான இரும்புக் கருவி. அதைச் சாய்த்து உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத குருத்தின் அடியைத் துழாவி, ஒரே நெம்பு. வெள்ளை வெளேரென்று வெளியே வருகிறது.